பென் டிரைவில் லினக்ஸ்: லைவ், நேரடி நிறுவல், விர்ச்சுவல்பாக்ஸ் – எது தொல்லையில்லாதது?

மாமாவின் லேப்டாப்பில் நான் கைவைத்தது ஒரு 19ஆம் தேதி ராத்திரி. மறுநாள் ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாள். அவருடைய கடைக் கணக்கு முழுக்க அந்த மெஷினில்தான் இருந்தது. எனக்கு வேண்டியது சின்ன வேலை: என் பென் டிரைவில் லினக்ஸ். நிறுவும் இடமாகப் பென் டிரைவைக் காட்டினேன். ஆன் செய்ததும் சிஸ்டத்தைக் கிளப்பிவிடும் பூட்லோடரை எதில் போடுவது என்று கேட்டதற்கும் பென் டிரைவையே காட்டினேன். முடிந்ததும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். காலை ஏழு மணிக்கு போன்.

"மாப்ள, ஸ்க்ரீன் கறுப்பா இருக்கு. க்ரப்னு எழுதி பக்கத்துல ஒரு கோடு மின்னுது. விண்டோஸ் எங்க போச்சு?"

எங்கேயும் போகவில்லை. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மாமா, உடனே எஃப்12ஐத் தட்டிக்கிட்டே இருங்க" என்றேன். வந்த பட்டியலில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்ததும் பழையபடி எழுந்துகொண்டது. கணக்கும் நேரத்துக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு வேறு வேறு வழிகளில் நாலைந்து முறை இதே வேலையைச் செய்து பார்த்துவிட்டேன்.

முதலில், அன்றைக்கு என்ன நடந்தது என்று பார்த்துவிடலாம். இன்றைய மெஷின்களில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்று சில நூறு எம்பி அளவில் ஒரு ஃபேட்32 பகுதி இருக்கும். ஆன் செய்ததும் மதர்போர்டு எட்டிப் பார்ப்பது அங்கேதான். ஏற்கெனவே அப்படி ஒன்று உள் டிஸ்க்கில் இருந்தால், சில இன்ஸ்டாலர்கள் நாம் எதைக் காட்டினாலும் க்ரப்பை, அதாவது லினக்ஸின் பூட்லோடரை, அதற்குள்தான் கொண்டுபோய் வைக்கும். போதாததற்கு, எதை முதலில் கிளப்புவது என்று மதர்போர்டு வைத்திருக்கும் பூட் வரிசையிலும் தன் பெயரை முதலில் எழுதிக்கொள்ளும். ஆக, க்ரப் மாமாவின் டிஸ்க்கில், அது தேடும் லினக்ஸ் என் பையில். அதே காரணத்தால் என் பென் டிரைவும் வேறு மெஷினில் கிளம்ப மறுத்தது. கிளப்பிவிட வேண்டிய ஃபைல்தான் அதில் இல்லையே.

இனி வழிகளுக்கு வருகிறேன். லைவ் பென் டிரைவ், அதாவது எதிலும் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டுவது, எல்லாருக்கும் தெரிந்ததுதான். பூட் ஆகும் பென் டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸிலோ வென்டாயிலோ ஐஎஸ்ஓவை, அதாவது லினக்ஸ் முழுதும் அடங்கிய ஃபைலைப் போட்டு, மாற்றங்களைச் சேமிக்கத் தனி இடம் ஒதுக்கிவிட்டால் பத்து நிமிட வேலை. உள் டிஸ்க்கின் பூட்லோடரை அது தொடவே தொடாது. ஆபத்தே இல்லாத வழி எது என்று மட்டும் கேட்டால் பதில் இதுதான். மாதத்துக்கு ஒருமுறை யாருடைய கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்தோ போட்டோக்களை மீட்க வேண்டியவருக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

தினமும் வேலை செய்யத்தான் ஒத்துவராது. மூல சிஸ்டம் சுருக்கி அடைத்த, எழுத முடியாத ஒரே ஃபைலாக இருக்கிறது. நாம் செய்யும் மாற்றங்கள் அதன்மேல் ஒரு மெல்லிய அடுக்காகப் படியும். ஒரு மென்பொருளை அப்டேட் செய்தால் பழையது அடியில் அப்படியே கிடக்க, புதியது மேலே இன்னோர் இடம் பிடிக்கும். இப்படியே போனால் அடுக்கு நிரம்பிவிடும். சிஸ்டத்தின் மையமான கர்னலின் கதை இன்னும் மோசம். புதிய கர்னலை இறக்கி நிறுவலாம், ஆனால் மெஷின் கிளம்புவது என்னவோ ஐஎஸ்ஓவில் இருக்கும் பழைய கர்னலில்தான். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அப்படியானால் முழு நிறுவல். அதை அந்த மெஷினிலேயே நேரடியாகச் செய்வதற்கு இரண்டு காப்புகள் உண்டு. ஒன்று, லேப்டாப்பின் அடிப்பக்கத்தைத் திறந்து எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துவிடுவது. பழைய ஆட்கள் இதைத்தான் சொல்வார்கள், சரிதான். ஆனால் மெஷின் மாமாவுடையதாக இருக்கும்போது ஸ்க்ரூடிரைவரோடு போய் நிற்க முடியாது. சில மலிவு லேப்டாப்களில் ஸ்டோரேஜ் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், கழற்றவும் வழியில்லை. இன்னொன்று, நிறுவும் முன், பார்ட்டிஷன்களை மாற்றும் ஜிபார்ட்டெடில் உள் டிஸ்க்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷன் மீதிருக்கும் 'பூட்', 'இஎஸ்பி' என்ற அடையாளக் கொடிகளை எடுத்துவிட்டு, முடிந்ததும் திரும்ப வைப்பது. இன்ஸ்டாலருக்கு அது சாதாரண பார்ட்டிஷனாகத் தெரியும், வேறு வழியின்றிப் பென் டிரைவில் நாம் உண்டாக்கி வைத்திருப்பதை எடுத்துக்கொள்ளும். ஒரு முறை செய்தேன், வேலை செய்தது. ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு, திரும்ப வைக்க மறந்துபோகக்கூடிய ஒன்றை நம்பி அடுத்தவர் மெஷினில் இறங்க எனக்குத் தைரியமில்லை. அதோடு பூட் வரிசையில் பெயர் ஏறுவதை இது தடுக்காது.

நான் இப்போது செய்வது மூன்றாவது: விர்ச்சுவல்பாக்ஸுக்குள் (மெஷினுக்குள் இன்னொரு போலி மெஷினை ஓட்டும் மென்பொருள்) இருந்துகொண்டே பென் டிரைவில் நிறுவுவது. சுற்றி வளைப்பதுபோல் தோன்றும், ஆனால் எளிமையான வழி இதுதான். புதிதாக ஒரு விர்ச்சுவல் மெஷின் உண்டாக்குங்கள், அதற்கு ஹார்ட் டிஸ்க்கே கொடுக்காதீர்கள். ஐஎஸ்ஓவை சிடி போல மாட்டுங்கள். செட்டிங்கில் யுஎஸ்பி 3.0ஐத் தேர்ந்தெடுத்து, பென் டிரைவை உள்ளே அனுப்புங்கள். 2022இல் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 பதிப்பிலிருந்து இதற்குத் தனி எக்ஸ்டென்ஷன் பேக் தேவையில்லை. லினக்ஸில் இருந்து செய்பவர்கள் தங்கள் யூசரை 'விபாக்ஸ்யூசர்ஸ்' குழுவில் சேர்த்துவிட்டு ஒருமுறை லாக்அவுட் ஆகி வர வேண்டும், இல்லாவிட்டால் யுஎஸ்பி பட்டியல் காலியாக இருக்கும். அப்புறம் இன்ஸ்டாலரை ஓட்டுங்கள். அதன் கண்ணுக்குத் தெரியும் டிஸ்க் ஒன்றே ஒன்று, அது பென் டிரைவ். 'முழு டிஸ்க்கையும் அழித்துவிட்டு நிறுவு' என்ற, வழக்கமாக வயிற்றைக் கலக்கும் பட்டனைக்கூடத் தூக்கக் கலக்கத்தில் அழுத்தலாம்.

இரண்டு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். விர்ச்சுவல் மெஷினில் இஎஃப்ஐயை இயக்கும் பெட்டியை டிக் செய்ய வேண்டும். நான் முதல் முறை விட்டுவிட்டேன், இஎஃப்ஐக்கு முந்தைய பயாஸ் முறை க்ரப் ஏறிவிட்டது, புது லேப்டாப் எதிலும் எழவில்லை. அடுத்து, பூட் வரிசையில் எழுதப்படும் பெயர் விர்ச்சுவல் மெஷினின் நினைவில்தான் போய் உட்காரும். நமக்கு வேண்டியதும் அதுதான், ஆனால் நிஜ மெஷினுக்கு இந்தப் பென் டிரைவைப் பற்றி எதுவும் தெரியாது. பெயர் தெரியாத டிரைவில் மதர்போர்டு தேடும் பொது இடம் ஒன்று உண்டு: 'இஎஃப்ஐ' ஃபோல்டருக்குள் 'பூட்' என்ற ஃபோல்டர். க்ரப்பின் ஒரு பிரதி அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் 'க்ரப்-இன்ஸ்டால்' கட்டளையை 'ரிமூவபிள்' என்ற தேர்வோடு ஒருமுறை ஓட்டினால் வந்துவிடும்.

நான் போட்டது டெபியன் என்ற லினக்ஸ் வகை. அது பெரும்பாலான மெஷின்களுக்கான டிரைவர்களை, கிளம்பும்போது முதலில் எடுக்கும் தொடக்க இமேஜிலேயே ஏற்றி வைத்துக்கொள்ளும் என்பதால் விர்ச்சுவல் மெஷினில் பிறந்தாலும் வெளியே நடக்கும். ஃபெடோரா அப்படியில்லை, நிறுவிய மெஷினுக்கு வேண்டியதை மட்டும் பொதுவாக எடுத்துக்கொள்ளும். முதல் முறை, எல்லா டிரைவர்களும் சேர்ந்த அதன் ரெஸ்க்யூ கர்னலில் கிளப்ப வேண்டியிருக்கலாம். ஆர்ச் என்றால் தொடக்க இமேஜின் அமைப்பில் 'ஆட்டோடிடெக்ட்' என்ற ஹூக்கை எடுத்துவிடுங்கள்.

இதுவரை எல்லாம் நிறுவும் நாளைப் பற்றியது. என்னைக் கேட்டால் முடிவை நிர்ணயிக்க வேண்டியது அந்த நாள் இல்லை, க்ரப் அப்டேட் வரும் நாள். பென் டிரைவை எவ்வளவு பத்திரமாக நிறுவியிருந்தாலும் சரி, ஒரு நாள் அதை மாமாவின் லேப்டாப்பில் செருகி அப்டேட் போடுவீர்கள். அதில் க்ரப்பும் இருந்தால் அந்த பேக்கேஜ் தானாகவே க்ரப்-இன்ஸ்டாலை ஓட்டும். ஃபைல்கள் பென் டிரைவின் இஎஃப்ஐ பகுதியிலேயே போய் விழும், அதுவரை நல்லது. ஆனால் கூடவே, அப்போது ஓடிக்கொண்டிருக்கும் மெஷினின் பூட் வரிசையில் தன் பெயரை முதலிடத்தில் எழுதும். பென் டிரைவ் இல்லாதபோது மதர்போர்டு அதைத் தாண்டி விண்டோஸுக்குப் போய்விடும் என்பதால் பலர் கவனிப்பதே இல்லை. விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் போட்ட மெஷினில் வரிசை மாறியதே ரெக்கவரி கீ கேட்கக் காரணமாகலாம். அந்த 48 இலக்க எண்ணை எங்கே எழுதி வைத்தோம் என்று யாருக்கு நினைவிருக்கும்? இந்த ஒரு விஷயத்தில் லைவ் பக்கம்தான் நியாயம், அதில் பூட் ஃபைல்களை யாரும் திரும்ப எழுதுவதில்லை.

டெபியனில் இதற்கு நிரந்தரத் தீர்வு உண்டு. 'டிபிகேஜி-ரீகான்ஃபிகர்' கட்டளையை 'க்ரப்-இஎஃப்ஐ-ஏஎம்டி64' பேக்கேஜின் மேல் ஓட்டினால் சில கேள்விகள் வரும். க்ரப்பின் கூடுதல் பிரதியை அந்தப் பொது இடத்தில் போடட்டுமா என்பதற்கு ஆம். பூட் வரிசையைப் புதுப்பிக்கட்டுமா என்பதற்கு இல்லை. பதில்கள் பதிந்துவிடும், இனி வரும் அப்டேட்களும் அதையே பின்பற்றும். உள் டிஸ்க்கின் கொடிகளோடு விளையாடி நிறுவியவர்களும் இதைச் செய்யலாம், ஆனால் அவர்கள் மெஷினில் பெயர் ஏற்கெனவே ஏறியிருக்கும். 'இஎஃப்ஐபூட்எம்ஜிஆர்' கட்டளை கொண்டு அதை நீக்க வேண்டும்.

கையொப்பமில்லாத பூட்லோடரைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைக்காமல் இந்த டிரைவை இரண்டே மெஷின்களில்தான் எழுப்பிப் பார்த்திருக்கிறேன், இரண்டிலும் எழுந்தது. மேக்கில் முயன்றதில்லை. பென் டிரைவில் முழு நிறுவல் சொகுசு என்றும் சொல்ல மாட்டேன். சிறு சிறு ஃபைல்களை எழுதுவதில் அது நத்தை, ஒரு பெரிய அப்டேட்டுக்கு முக்கால் மணி நேரம் விழுங்கியிருக்கிறது. அதனால் பழைய லேப்டாப்பில் கிடந்த ஒரு எஸ்எஸ்டியை யுஎஸ்பி கேஸில் போட்டு, இதே முறையில் அதில் நிறுவிக்கொண்டேன். பை கொஞ்சம் கனக்கிறது, அவ்வளவுதான்.

போன மாதம் அதை மாமா லேப்டாப்பில் செருகி ஒரு மணி நேரம் வேலை பார்த்தேன். பூட் வரிசை அப்படியே இருந்தது, விண்டோஸ் தானாக எழுந்தது. நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் போன்.

"மாப்ள, மறுபடி ஏதாவது பண்ணியா? பில்லுல டைம் அஞ்சரை மணி நேரம் பின்னாடி காட்டுது."

மதர்போர்டின் கடிகாரத்தை லினக்ஸ் யுடிசியாக (உலகப் பொது நேரம்) வைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாக வாசிக்கும். 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையில் ஒரு வரி போட்டுக் கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினேன். மாமாவிடம் பேட்டரி பழசாகிவிட்டது போலிருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.