கோகோபீட்டில் பூ நாற்று: ஆறு வருட அனுபவம்

ஆறு வருடங்களாக மொட்டைமாடியில் பூ நாற்று வளர்க்கிறேன். செண்டுமல்லி, ஜின்னியா, கோழிக்கொண்டை, காசித்தும்பை, பனிக்காலத்துக்குப் பெட்டூனியா. முதல் வருடம் மட்டும் இறக்குமதியான பீட் கலவை வாங்கினேன். குறை சொல்ல முடியாத பொருள், விதை சீராக முளைத்தது. ஆனால் சதுப்பு நிலத்தில் பாசி பாதி மட்கிப் பீட் ஆவதே வருடத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் என்று தெரிந்த பிறகு மனம் ஒப்பவில்லை. என் குழித்தட்டின் ஆழம் 4 சென்டிமீட்டர். அந்தக் கணக்கில் 40 வருடம்! கோயம்புத்தூரிலிருந்து 40 கிலோமீட்டரில் பொள்ளாச்சி. அங்கே தென்னை நார் ஆலைகள் எத்தனையோ இருக்க, பீட்டைக் கப்பலில் வரவழைப்பானேன்?

அப்படித்தான் தேங்காய் மட்டையில் நார் எடுத்த பிறகு மிஞ்சும் தூளான கோகோபீட்டுக்கு மாறினேன். முதல் தட்டு பாழ். ஐந்தாம் நாள் அழகாக முளைத்த செண்டுமல்லி, இரண்டாவது வாரத்தில் இலை நுனி கருகி அப்படியே நின்றுவிட்டது. காரணம் உப்பு. நார்க்கழிவில் சோடியமும் பொட்டாசியமும் இயல்பாகவே அதிகம். கட்டியாக வரும் கோகோபீட்டை ஊறவைத்து ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் கடுங்காப்பி நிறத்தில் தண்ணீர் வரும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பார்த்தேன், 1,900 பிபிஎம் காட்டியது.

அலசினால் போய்விடும் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் மூன்று முறை அலசினேன், 950-க்குக் கீழே இறங்கவில்லை. அப்புறம்தான் எங்கள் போர் தண்ணீரை அளந்து பார்க்கத் தோன்றியது. அதுவே 800! உப்புத் தண்ணீரில் அலசி உப்பை எடுக்க முடியுமா? இப்போது முதல் இரண்டு அலசல் போர் தண்ணீரில், கடைசி அலசல் குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீரிலோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரிலோ. 300-க்கு வந்துவிடுகிறது. உங்கள் ஊர்த் தண்ணீரை முதலில் அளந்துவிடுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நடுவில் இன்னொரு வேலையும் உண்டு. 5 கிலோ கட்டிக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து ஊற்றி ஓர் இரவு ஊறவிடுகிறேன். நார்த்தூள் பிடித்து வைத்திருக்கும் சோடியத்தைக் கால்சியம் வெளியே தள்ளும். இதைச் செய்யாத வருடங்களில், நாம் கொடுக்கும் கால்சியத்தையெல்லாம் கோகோபீட்டே எடுத்துக்கொண்டு, குருத்திலை சுருண்டு வந்தது. அலசிய தண்ணீரைச் சாக்கடையில் விட மனசில்லை. கீழே நிற்கும் இரண்டு தென்னைகளுக்குப் போகிறது. தென்னை உப்பைத் தாங்கும், பொட்டாசியமும் அதற்கு வேண்டும்.

கோகோபீட்டில் சத்து இல்லை என்பதை மறக்கக் கூடாது. என் கலவை: அலசிய கோகோபீட் மூன்று பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு. உமிக்கரி காற்றோட்டத்துக்கு. ஆனால் அது காரத்தன்மை உள்ளது, ஒரு முறை கழுவித்தான் சேர்க்கிறேன். மண்புழு உரத்தைக் கூட்டினால் நாற்று கொழுக்கும் என்று நினைத்து ஒரு வருடம் பாதிக்குப் பாதி போட்டேன். சின்னச் சின்னக் கறுப்பு ஈக்கள் மொய்த்தன, ஈரம் தேங்கி நாற்றின் அடித்தண்டு அழுகிச் சாய்ந்தது. அன்றிலிருந்து அழுகல் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி கலந்த மண்புழு உரம்தான், அதுவும் அளவாக.

தண்ணீர் விடுவதில் கண்ணை நம்ப முடியாது. மேலே வெளிறிக் காய்ந்த மாதிரி இருக்கும், விரலை விட்டால் உள்ளே சொதசொதவென்று இருக்கும். தட்டைத் தூக்கிப் பாருங்கள், கனமாக இருந்தால் விட வேண்டாம். பீட் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. கோகோபீட் உடனே குடித்துக்கொள்ளும். வெளியூர் போய்வந்த நாட்களில் நாற்றைக் காப்பாற்றியது இந்தக் குணம்தான்.

செய்தித்தாள் சுருட்டிச் செய்த குவளைகளையும் ஒரு பருவம் பார்த்தேன். பூஞ்சணம் பிடித்தது, விட்டுவிட்டேன். பழைய கோகோபீட்டை இரண்டு பருவத்துக்கு மேல் நாற்றுக்கு வைத்துக்கொள்வதில்லை. மாவு மாதிரி ஆகிவிடும், வேர் மூச்சுவிட இடம் இருக்காது. தொட்டி மண்ணில் கலந்துவிடுகிறேன்.

செண்டுமல்லிக்கு இதைவிட நல்ல வளர்ப்பு ஊடகம் எனக்குத் தேவையில்லை. ஆடிப்பெருக்கன்று விதைத்து, 25 நாளில் பிடுங்கி நட்டால், வெள்ளை வேர் பின்னிய கட்டியோடு குழியிலிருந்து முழுசாகக் கழன்று வரும். ஆயுத பூஜைக்கு வீட்டுப் பூ. ஜின்னியாவும் கோழிக்கொண்டையும் அப்படியே.

பெட்டூனியாதான் இன்னும் சரிவரவில்லை. கிராமுக்கு ஏறக்குறைய 10,000 விதை, அவ்வளவு பொடி. வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும் என்பதால் மூடவும் முடியாது. நார் இடுக்கில் விழுந்த விதை உள்ளேயே போய்விடுகிறது. இந்தப் புரட்டாசிக்கு மாவுச் சல்லடையில் சலித்த கோகோபீட்டை மேலே அரை அங்குலம் மட்டும் பரப்பி, அடியிலிருந்து தண்ணீர் ஏற்றி விதைத்திருக்கிறேன். இன்று ஒன்பதாம் நாள். போன வருடம் 100 குழிக்கு 30 முளைத்தது, இப்போதே 62 எண்ணியிருக்கிறேன்.