எச்சரிக்கை: ‘டிவி விவாதத்தில் உட்கார வைக்கிறோம்’ என்று சொல்லி ரூ.56,640 வாங்கிவிட்டார்கள்

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன்: ரூ.56,640. நான் நாகஸ்வரம் வாசிக்கிறவன். சித்திரை, வைகாசி முகூர்த்தங்களில் ஊதி, தவில்காரர்களுக்கும் ஒத்து (சுருதிக் குழல்) ஊதுகிறவருக்கும் பிரித்துக் கொடுத்தது போக என் கையில் நின்ற பணம் அது. அதை ஒரு ‘மீடியா ஏஜென்சி’யிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, நான் சொல்லாத கருத்தை நானே சொன்ன மாதிரி ஊர் பார்க்கும்படியும் ஆக்கிக்கொண்டேன். நேற்று ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை.

ஏஜென்சி பெயரும் சேனல் பெயரும் இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு வழிக்கு வரட்டும். பாடுகிறவர், வாசிக்கிறவர், பறை அடிக்கிறவர், யாராக இருந்தாலும் இதைப் படித்துவிட்டு அடுத்தவருக்கும் அனுப்புங்கள். என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

2024 மார்ச்சில் சென்னை மியூசிக் அகாடமி, கர்நாடக சங்கீதத்தில் இருக்கிற சாதியை விமர்சிக்கிற பாடகர் டி.எம்.கிருஷ்ணாவுக்கு சங்கீத கலாநிதி விருது அறிவித்ததும் நடந்த அமளி ஞாபகம் இருக்கும். பாடகிகள் ரஞ்சனி – காயத்ரி அகாடமி கச்சேரியிலிருந்து விலகினார்கள், சித்ரவீணை ரவிகிரண் தன் விருதைத் திருப்பித் தருவதாகச் சொன்னார், எம்.எஸ்.சுப்புலட்சுமி அம்மாவின் பேரன் கோர்ட்டுக்குப் போனார், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. டிவியிலும் அதே பேச்சுத்தான். அப்போது நான் போனில் நாலு நிமிடம் பேசி ஒரு வீடியோ போட்டேன். ‘சங்கீதத்துல சாதி பத்தி ராத்திரி பூரா பேசுறீங்களே, பெரிய மேளம் வாசிக்கிற ஒருத்தனையாவது கூப்பிட்டு உட்கார வச்சீங்களா?’ என்று கேட்டிருந்தேன். (பெரிய மேளம் என்றால் எங்கள் நாகஸ்வரம் – தவில்தான்.) எங்கள் ஆட்கள் வட்டத்தில் நன்றாகவே ஓடியது. அப்புறம் நானே மறந்துவிட்டேன்.

இந்த ஆடியில் போன் வந்தது. ஆடியில் கல்யாணம் ஏது? அம்மன் கோயில் வாசிப்பு மட்டும்தான், பகலெல்லாம் சும்மா இருக்கிற நேரம். பேசியவர் குரல் அவ்வளவு பணிவு. ‘வித்வான் ஐயா, உங்க வீடியோவை மூணு தடவை பார்த்தேன். ராஜரத்தினம் பிள்ளைவாள் வழியில வந்தவங்க பேசலைன்னா வேற யாரு பேசுறது?’ என்றார்.

நான் விழுந்தது இந்த இடத்தில்தான். நாகஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வெட்டிக்கொண்டு, கோட்டுப் போட்டுக்கொண்டு, மேளக்காரனுக்கும் மரியாதை உண்டு என்று நின்று காட்டியவர். 1947 ஆகஸ்டில் டெல்லி வரை போய் வாசித்தவர். அவர் பெயரை எடுத்தால் எங்களில் யாருக்குத்தான் நெஞ்சு நிமிராது? அந்த ஆள் அதோடும் விடவில்லை. ‘உங்க கருத்து என்னங்கய்யா?’ என்று கேட்டுவிட்டு நாற்பது நிமிடம் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். முப்பத்தோரு வருடமாக வாசிக்கிறேன். என்ன ராகம் என்று கேட்டிருக்கிறார்கள், என்ன ரேட்டு என்று கேட்டிருக்கிறார்கள். என்ன கருத்து என்று ஒருவரும் கேட்டதில்லை. சபாக்களில் மார்கழி சீசன் திறக்க மங்கள இசைக்கு நாங்கள் வேண்டும். ஊதி முடித்ததும் மைக் கைமாறிவிடும். அப்படிப்பட்டவனிடம் ஒருத்தன் நாற்பது நிமிடம் காது கொடுத்தால் பணம் கொடுக்காமல் என்ன செய்வான், சொல்லுங்கள்.

என் கருத்து ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. எல்லாக் கட்சி மாநாட்டிலும் வாசித்திருக்கிறேன், ஓட்டு என் சொந்த விஷயம். ஆனால் கோயில் மேளக்காரர் இடம் காலியானால் ஆள் போடாமல், சுவிட்சைத் தட்டினால் தானாக அடிக்கிற மோட்டார் மேளத்தை வைத்துவிடுகிறார்கள். அரசாங்கம் அந்த இடங்களை நிரப்ப வேண்டும், வயிற்றுக்குப் பத்துகிற சம்பளம் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் என் அரசியல். (கலைஞனுக்கு எதற்கு அரசியல் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று: வெள்ளைக்காரன் காலத்தில் மேடையில் தேசியப் பாட்டுப் பாடியதற்காகவே நாடக நடிகர் விசுவநாத தாஸ் திரும்பத் திரும்ப ஜெயிலுக்குப் போனார். நாகூர் ஹனிபா குரல் கேட்காத தி.மு.க. மேடை கிடையாது. டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடியதற்காக 2015-ல் மக்கள் பாடகர் கோவன் மேல் தேசத்துரோக வழக்கே போட்டார்கள். அவர்கள் பக்கத்தில் நிற்க எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் வாய் என்று ஒன்று எனக்கும் இருக்கிறது.)

அவர் சொன்ன ‘பேக்கேஜ்’ இது: இரண்டு இரவு நேர விவாதம், ஒரு தனி நேர்காணல். 48,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 8,640. ஆக ரூ.56,640. விவாதத்துக்கு வருகிறவர்கள் எதற்குப் பணம் கட்ட வேண்டும் என்று கேட்டேனே! கேட்கவில்லை என்று நினைக்காதீர்கள். ‘ஐயா, அது சேனலுக்கு இல்ல. உங்களைப் பிரபலப்படுத்துற செலவு. முதல்ல ஒரு முகம் தெரியணும், அப்புறம் அவங்களே கார் அனுப்புவாங்க’ என்றார். வாட்ஸ்அப்பில் ஒரு பிரபல நெறியாளரோடு தோளில் கை போட்டு எடுத்த படம். கழுத்தில் அடையாள அட்டை. சரி என்று 20,000 அனுப்பினேன். படப்பிடிப்புத் தேதி சொன்னதும் மிச்சம் 36,640.

என் மகள் பி.காம். படிக்கிறாள். ‘அப்பா, அந்த ஆபீஸை ஒரு தடவை நேர்ல போய்ப் பார்த்துட்டு அனுப்பலாமே’ என்றாள். ‘உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்’ என்று கடிந்துகொண்டேன். இப்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கும்பகோணத்திலிருந்து இரவு ரயில் பிடித்துப் போனேன். சென்னை சாலிகிராமத்தில் ஒரு வீட்டு மாடிதான் ஸ்டுடியோ. நாகஸ்வரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள், பார்க்க நன்றாக இருக்கும் என்றார்கள். ஏசி குளிரில் சீவாளி (வாயில் வைத்து ஊதுகிற நாணல் முனை) காய்ந்து விறைத்துவிட்டது. ‘இருபது செகண்ட் எதாவது வாசிங்க’ என்றபோது அதை வாயில் வைத்து ஈரமாக்கிக்கொண்டிருந்தேன். கேள்வி கேட்க வந்த பையன் ‘சார், அது ரெடி ஆகலைன்னா விட்டுடலாம், நாங்க மியூசிக் போட்டுக்கறோம்’ என்று சொல்லிவிட்டான். என் மடியில் குழல் கிடக்க, பின்னணியில் வேறு யாரோ வாசித்த சுவாமி புறப்பாட்டு மல்லாரி போகப்போகிறது! அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். விவாதம் என்றீர்களே, மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன். ‘அவங்களைத் தனியா எடுத்து ஒட்டிக்குவோம்’ என்றான்.

ஒளிபரப்பானது காலை ஆறு மணிக்கு. ராத்திரி எட்டு என்று சொன்னது காலை ஆறு. எங்கள் வீட்டு கேபிளில் அந்த சேனலே வரவில்லை, ஒரு ரசிகர் டிவியைப் போனில் படம் பிடித்து அனுப்பினார். திரை ஓரத்தில் ‘விளம்பரதாரர் நிகழ்ச்சி’ என்று எறும்பு எழுத்தில் போட்டிருந்தது. எனக்கு முன்னால் ராசிக்கல், எனக்குப் பின்னால் மூட்டுவலித் தைலம். சிறிய சேனல்கள் விடிகாலை அரைமணி நேரங்களை மொத்தமாக விற்பது வழக்கமாம், வாங்கியவன் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாமாம். இதெல்லாம் இப்போது தெரிகிறது. என் பெயருக்குக் கீழே ‘இசைக் கலைஞர், அரசியல் விமர்சகர்’.

பணம் போனது கூடத் தொலையட்டும். பேச்சை வெட்டினார்களே, அதைக் கேளுங்கள். நான் சொன்னது: ‘அரசாங்கம் கோயிலை விட்டு வெளியே போகணும்னு சிலர் சொல்றாங்க. நான் அதை ஏத்துக்கல. இருந்து ஒழுங்கா ஆள் போடட்டும்.’ வந்தது: ‘அரசாங்கம் கோயிலை விட்டு வெளியே போகணும்.’ அவ்வளவுதான். அந்த ‘னு’ வாயில் வருவதற்குள் கத்தரி. ஒரு எழுத்தை வெட்டி என்னை எதிர்ப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். உற்றுக் கேட்டால் ‘போகணும்’ முடிகிற இடத்தில் ஒரு சின்ன வெட்டு கேட்கும். எனக்குக் கேட்கிறது. ஊருக்குக் கேட்குமா? அந்த 28 செகண்டை மட்டும் தனியாக எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு யூடியூபில் விட்டிருக்கிறார்கள். ஒரு கட்சிக்காரர்கள் ‘சபாஷ் வித்வான்’ என்கிறார்கள், இன்னொரு கட்சிக்காரர்கள் என் அப்பா வரைக்கும் திட்டுகிறார்கள். ஆவணிக் கும்பாபிஷேகம் ஒன்றுக்கு வாங்கியிருந்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். ‘உங்களை வச்சா பிரச்சினை வரும்ங்க, தப்பா நினைச்சுக்காதீங்க.’ இருபது வருடமாக என்னோடு வாசிக்கிற தவில் அண்ணன் கேட்டார்: ‘ஏன் தம்பி, நீ எப்ப இப்படி மாறுன?’ அவருக்கே முழுசாக விளக்க அரைமணி நேரம் ஆனது.

ஏஜென்சிக்குப் போன் போட்டேன். அன்று ‘எடிட்டிங் டீம்ல கேக்கறேன் ஐயா’. மறுநாள் ‘மதுரையில இருக்கேன், வந்து பேசறேன்’. மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு, பதில் இல்லை. நாலாம் நாள் எடுத்து என்ன சொன்னார் தெரியுமா? ‘ஐயா, திட்டுறாங்கன்னா பிரபலம் ஆயிட்டீங்கன்னு அர்த்தம். நெகட்டிவ் பப்ளிசிட்டியும் பப்ளிசிட்டிதான்.’ ‘வித்வான் ஐயா’ அப்போது வெறும் ‘ஐயா’ ஆகியிருந்தது. ரூ.56,640-ஐத் திருப்பிக் கேட்டதும் ‘சார்’ ஆகிவிட்டேன். அக்கவுண்ட்ஸ் பார்க்கிற அம்மாவிடம் கொடுத்தார். அவர் ‘அது ரீஃபண்ட் கிடையாது சார், பில்லுக்குப் பின்னாடி போட்டிருக்கு பாருங்க’ என்றார். எனக்கு வந்த பில் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பக்கப் பிடிஎஃப். அதற்கு ஏதம்மா பின்பக்கம்?

சேனலுக்கும் போட்டேன். ‘அந்த ஸ்லாட் வெளியாளோடது, உள்ளடக்கத்துக்கு நாங்க பொறுப்பில்ல.’ ஏஜென்சியைக் கேட்டால் சேனலில்தான் வெட்டினார்களாம். இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒத்து ஊதிக்கொண்டு நிற்கிறேன்.

அந்தப் பில்லை நேற்று என் மகள் எடுத்துப் பார்த்தாள். ஜிஎஸ்டி எண் என்றால் 15 எழுத்து இருக்க வேண்டும், தமிழ்நாட்டுப் பதிவென்றால் 33-ல் தொடங்க வேண்டும். இவர்கள் போட்டது 14 எழுத்து. விரல் வைத்து இரண்டு தடவை எண்ணிக் காட்டினாள். ஆக அந்த 8,640 வரியே கிடையாது, அதுவும் அவர்கள் பைக்குத்தான் போயிருக்கிறது. இரவு எட்டு மணி விவாதங்களுக்கு நிஜமாகவே போய்வருகிற இரண்டு பேரை விசாரித்தேன். ஒருவரும் ஒரு பைசா கட்டியதில்லை.

சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்தாயிற்று, எண் கொடுத்திருக்கிறார்கள். சேனலுக்கு எழுத்தில் புகார் அனுப்பியிருக்கிறேன். 2021-ல் திருத்திய கேபிள் டிவி விதிப்படி 24 மணி நேரத்தில் ஒப்புகை, 15 நாளில் பதில் கொடுத்தாக வேண்டுமாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன். கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். விவாதத்தில் உட்கார உங்களிடம் பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள். பில்லில் இருக்கிற எண்ணை அரசின் ஜிஎஸ்டி தளத்திலேயே போட்டுப் பாருங்கள். அவர்கள் படம் எடுக்கும்போது பக்கத்தில் உங்கள் போனையும் ஓடவிடுங்கள், நான் அதைச் செய்யவில்லை, அதனால்தான் அந்த ‘னு’ என்னிடம் இல்லை. எதிராளி சொல்வதை எடுத்துச் சொல்லிவிட்டு மறுக்காதீர்கள், முதலில் மறுத்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930, நான் ஒன்பது நாள் தாமதித்தேன். நுகர்வோர் உதவி எண் 1915.

தவில் அண்ணன் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு ஹார்ன் அடிக்கிறார், மாரியம்மன் கோயில் வாசிப்புக்கு நேரமாகிவிட்டது. மிச்சம் நாளை எழுதுகிறேன்.