ரீஃபர்பிஷ்டு லேப்டாப் வாங்கப் போறீங்களா? 27,500 ரூபாய் விட்டவன் எழுதுகிறேன்

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். தங்கச்சி கல்லூரிக்குப் போகிறாளே என்று ரீஃபர்பிஷ்டு, அதாவது பழசைச் சரிசெய்த லேப்டாப் விற்கும் ஒரு மாடிக்கடையில் 27,500 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். கடைப் பெயர் வேண்டாம்.

நான் கேட்டது இரண்டே கேள்வி. பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும்? ரேம் பின்னால் கூட்டிக்கொள்ளலாமா?

"நாலு மணி நேரம் அசால்ட்டா நிக்கும் சார். இப்ப 8 ஜிபி, ஒரு ஸ்லாட் காலி, எப்ப வேணா 16 ஆக்கிக்கலாம்." சொல்லிக்கொண்டே கடைக்காரர் திரையை என் பக்கம் திருப்பினார். மூலையில் 100 சதவீதம். சார்ஜர் ஒயர் கடைசி வரை சொருகியே இருந்தது. "என் தங்கச்சிக்கும் இதே மாடல்தான் சார் கொடுத்திருக்கேன்" என்றார் பாருங்கள், அதில்தான் ஜிபே போட்டேன்.

வீட்டில் ஒயரைப் பிடுங்கினால் முக்கால் மணி நேரம்தான். 40 சதவீதம் காட்டும்போதே பட்டென்று அணைகிறது. விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தேன். டிசைன் கெப்பாசிட்டி, அதாவது புதிதில் பிடிக்க வேண்டிய சார்ஜ், 45,000 மில்லிவாட் அவர்; இப்போது பிடிப்பது 14,000 சொச்சம். கடையில் காட்டிய 100 சதவீதம் இந்தப் பதினாலாயிரத்தில்தான்!

ரேம் கதை அதைவிட மோசம். மெக்கானிக் பின்மூடியைக் கழற்றினால் ஸ்லாட்டே கிடையாது, ரேம் சிப்புகள் மதர்போர்டிலேயே சால்டர் ஆகியிருக்கின்றன, அதாவது கழற்ற முடியாதபடி பற்றவைத்திருக்கிறார்கள். மெலிசான லேப்டாப்களில் எல்பிடிடிஆர் என்ற வகை ரேம் பெரும்பாலும் அப்படித்தான் வரும். கரண்ட் குறைவாகத் தின்னும், கூட்ட முடியாது. சொல்லி விற்றால் தப்பில்லை. இல்லாத ஸ்லாட்டைக் காலி என்று விற்பதற்குப் பெயர் என்ன?

போன் செய்தால் "பிரைட்னஸ் குறைச்சுப் பாருங்க சார்". அப்புறம் "டெக்னீஷியன் வெளியே போயிருக்கார்". அப்புறம் "வீடியோ எடுத்து வாட்ஸ்அப்ல போடுங்க". போட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால் பில்லின் பின்பக்கம் காட்டுகிறார்: பேட்டரி, சார்ஜருக்கு வாரண்டி இல்லை என்று மங்கலாய் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். 27,500 ரூபாய் வாங்கும்போது அந்தப் பக்கத்தை ஏன் காட்டவில்லை? ரேமைக் கேட்டால் "அப்படி யார் சார் சொன்னது?"

வாங்கப் போகிறவர்கள் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பேட்டரி ரிப்போர்ட்டை அங்கேயே எடுக்கச் சொல்லுங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் ஃபார்ம் ஃபேக்டர் என்று இருக்கும். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று காட்டினால் சால்டர் ரேம். வாய்ப்பேச்சு வேண்டாம், எல்லாவற்றையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915. 27,500 ரூபாய்க்குக் கணக்குக் கேட்டு நாளைக் காலையில் நான் அங்கேதான் போன் போடப் போகிறேன்.