ஹோஸ் நீளமும் கேஜ் இடமும்: கோவளம், விழிஞ்ஞம் கடலில் பழகிப் பார்த்த கணக்கு

ஸ்கூபா செட் வாங்கப் போகிறவர்கள் எந்த ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கேற்ற அழுத்தத்துக்குக் குறைத்துத் தரும் கருவி) என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். அதோடு வரும் நாலு ஹோஸை, அதாவது காற்றுக் குழாயை, யாரும் டேப் வைத்து அளந்து பார்ப்பதில்லை. கம்பெனி போட்டுத் தருவது சராசரி உடம்புக்கும் தெளிந்த தண்ணீருக்கும் ஆன நீளம். நான் முங்குவதோ களியக்காவிளை தாண்டி கோவளம், விழிஞ்ஞம் பக்கம். சில சீசன்களாக ஒரே ரெகுலேட்டர்தான். ஹோஸ்களை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றி வந்திருக்கிறேன். எது நின்றது, எது கழன்றது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அப்போது கடலுக்குள் போகும் பேச்சே இல்லை. மற்ற மாதங்களில் ஆழம் பெரிதாக இல்லாத கடலடிப் பாறைத் திட்டுகள். தெளிவு கிடைத்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் கை நீட்டினால் விரல் மங்கும் கலக்கல். அமைதியான நாளிலும் பாறை ஓரத்தில் தண்ணீர் முன்னும் பின்னும் ஆளை ஆட்டும். பாறை முழுக்கச் சிப்பி, விளிம்பெல்லாம் கத்தி. இடையிடையே அறுந்த தங்கூசியும் (தூண்டில் நைலான் நரம்பு) கிழிந்த வலையும் கிடக்கும். இறங்குவது ஃபைபர் வள்ளத்திலிருந்து, முதுகுப்புறமாகச் சாய்ந்து. ஏறுவதும் அதே வள்ளத்தில்தான். முதலில் சிலிண்டரும் மிதவை ஜாக்கெட்டும் மேலே போகும், பிறகு நாம். உடம்புக்கு வெளியே ஒரு சாண் தொங்கினாலும் அது எதிலாவது மாட்டும். எனக்கு ஹோஸ் கணக்கு தொடங்குவது இங்கிருந்துதான்.

வழக்கமாக வரும் அளவுகள் இவை. வாயில் இருக்கும் செகண்ட் ஸ்டேஜுக்கு 71 முதல் 75 செ.மீ., கூட வருகிறவருக்கான மாற்று செகண்ட் ஸ்டேஜான மஞ்சள் ஆக்டோபஸுக்கு 90 முதல் 100, ஜாக்கெட்டில் காற்று ஏற்றும் இன்ஃப்ளேட்டருக்கு 60 முதல் 70, சிலிண்டர் அழுத்தம் காட்டும் ப்ரெஷர் கேஜுக்கு 80 முதல் 90. முதல் இரண்டும் வலப்பக்கம் வரும், அடுத்த இரண்டும் இடப்பக்கம்.

வலத்தோள் மேலாக வரும் 75 செ.மீ. ஹோஸ் எனக்கு நீளம் அதிகம். நான் ஐந்தரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. தோளுக்கு வெளியே அது ஒரு வளையம் போட்டு நிற்கும். ஒழுக்கு (நீரோட்டம்) இழுக்கிற நாளில் அந்த வளையம் துடுப்பு மாதிரி தண்ணீரை வாங்கி, மவுத்பீஸை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஏறி வரும்போது தாடை கடுக்கும். என்னோடு வரும் கூட்டாளி ஆறடி. அவனுக்கு அதே 75 இடப்பக்கம் திரும்பினால் வாயைப் பிடித்து இழுக்கும். ஒரே கம்பெனி, ஒரே அளவு, இரண்டு பேருக்கும் சரியில்லை.

இப்போது நான் வாயில் வைத்திருப்பது 100 செ.மீ. ஹோஸ். தோளுக்கு மேலே போகாமல் வலது அக்குளுக்குக் கீழாக வந்து மார்பை ஒட்டி மேலே ஏறுகிறது. செகண்ட் ஸ்டேஜ் சேருமிடத்தில் திரும்பக்கூடிய ஒரு எல்போ (முழங்கை போல் வளைந்த இணைப்பு). அந்த எல்போ இல்லாமல் இந்த வழி சரிவராது. ஹோஸ் கீழிருந்து வருவதால் மவுத்பீஸ் கோணலாகி உதடு இழுபடும். ஆக்டோபஸ் இருந்த இடத்தில் 56 செ.மீ. குட்டை ஹோஸில் இரண்டாவது செகண்ட் ஸ்டேஜ், ரப்பர் கயிற்றில் கோத்துக் கழுத்துக்கடியில் தொங்குகிறது. கூட வருகிறவருக்குக் காற்று தீர்ந்தால் என் வாயில் இருப்பதைப் பிடுங்கி நீட்டுவேன்; நான் குனிந்தாலே என்னுடையது வாய்க்கு வந்துவிடும்.

விழிஞ்ஞத்தில் வள்ளம் ஓட்டும் ஒரு பெரியவர், இளவயதில் மூச்சடக்கிச் சிப்பி எடுத்தவர், இதையெல்லாம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏன் மக்களே, மனுசனுக்கு வாய் ஒண்ணுதானே இருக்கு, குழாய் ரெண்டு என்னத்துக்கு?” “ஒண்ணு எனக்கில்ல சித்தப்பா, கூட வாறவனுக்கு” என்றேன். “அப்ப அவனுக்குள்ளத நல்லதா வச்சிருக்கியா?” என்றார். விஷயமே அதுதான். மஞ்சள் ஆக்டோபஸை மோவாய்க்கும் விலா எலும்புக்கும் நடுவே உள்ள முக்கோணத்தில் செருகி வைக்கச் சொல்லித் தருகிறார்கள். கிளிப்பிலிருந்து நழுவி அது பின்னால் தொங்கி மணலை உழுதுகொண்டு வருவதை இந்தக் கடலில் எத்தனையோ பேரிடம் பார்த்தாயிற்று. மணலும் பாசியும் ஏறிய ஒன்றை மூச்சு முட்டுகிறவன் வாயில் வைப்பதற்கு, நான் அந்த நிமிஷம் வரை இழுத்துக்கொண்டிருந்ததையே கொடுப்பது மேல். ஒரு நிபந்தனை: இறங்குவதற்கு முன் கூட வருகிறவரிடம் வாயால் சொல்லிக் கையால் காட்டிவிட வேண்டும். மஞ்சளைத் தேடிப் பழகியவர் என் விலாவில் தடவிக்கொண்டிருக்கக் கூடாது.

ஏழு அடி ஹோஸ், அதாவது 210 செ.மீ., பற்றிக் கேட்காதவர் இல்லை. புளோரிடாவின் குகை முங்குநர்களிடமிருந்து வந்த வழக்கம் அது. குறுகலான வழியில் ஒருவர் பின் ஒருவராகத்தான் வெளியேற முடியும். காற்று கொடுப்பவரும் வாங்குபவரும் ஒட்டிக்கொண்டு நீந்த முடியாது. அதற்குத்தான் அந்த நீளம். பில் ஹோகார்த் மெய்ன் என்ற குகை முங்குநரின் பெயரால் அந்த மொத்த அமைப்பையே ஹோகார்த்தியன் என்பார்கள். ஒரு சீசன் முழுக்கப் போட்டுப் பார்த்தேன். மூச்சு கனக்கும் என்றார்கள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சிக்கல் வேறு. வலப்பக்கமாக இறங்கி, இடுப்பில் செருகி, மார்பின் குறுக்கே ஏறி, கழுத்தைச் சுற்றி வாய்க்கு வர வேண்டும். செருகுவதற்கு இடுப்பு வார் வேண்டும். சாதாரண ஜாக்கெட்டில் அது பையடியில் ஒளிந்திருக்கும். வள்ளத்தில் ஆறு பேர் சாமான் கிடக்கும்போது இந்தச் சுருள் யாருடைய ஃபின்னிலாவது மாட்டும். குகையே இல்லாத கடலில் குகைக்கான ஏற்பாடு எதற்கு? கழற்றிக் கூட்டாளியிடம் கொடுத்தேன். அவன் பின்புறப் பையும் வாரும் உள்ள செட் வைத்திருக்கிறான், அவனுக்கு அது பொருந்துகிறது. நடுவில் 150 செ.மீ. என்று ஒன்று உண்டு. அக்குளுக்கடியில் வந்து கழுத்தைச் சுற்றும், இடுப்பில் செருக வேண்டாம். உயரமானவர்கள் அதைப் போட்டுப் பார்க்கலாம்.

இன்ஃப்ளேட்டர் ஹோஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இடக்கையைத் தலைக்கு மேல் முழுக்கத் தூக்கிக் காற்றை விடும்போது இழுபடக் கூடாது, அவ்வளவே.

கேஜ் கதை பெரியது. எனக்கு முதலில் வந்தது மூன்று கண் கன்சோல்: அழுத்தம், ஆழம், காம்பஸ் மூன்றும் ஒரே ரப்பர் கட்டையில், 90 செ.மீ. ஹோஸ் நுனியில். கடையில் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். தண்ணீரில் அது ஒரு தூக்குக் குண்டு. தலை குனிந்து பாறைப் பொந்தைப் பார்க்கிற நேரத்தில் அது முன்னால் தொங்கிச் சிப்பியில் இடிக்கும், தங்கூசியில் சுற்றும். கண்ணாடி முழுக்கக் கீறல் விழுந்து, கலக்கலில் முள்ளே தெரியாத நிலைக்கு வந்தது. பிரித்துவிட்டேன். ஆழமும் நேரமும் மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டருக்குப் போயின. கன்சோலை மட்டமாகப் பிடிக்காவிட்டால் காம்பஸ் தட்டு சிக்கிக்கொள்ளும். இப்போது அதுவும் மணிக்கட்டில். மிச்சம் பித்தளை உடம்புள்ள தனி ப்ரெஷர் கேஜ், 60 செ.மீ. ஹோஸில்.

இந்த 60 இடது அக்குளுக்கடியில் உடம்போடு ஒட்டி வந்து இடது இடுப்பில் உள்ள டீ-ரிங் என்ற D வடிவ வளையத்தில் கொக்கியில் மாட்டும். எல்லா ஜாக்கெட்டிலும் அந்த ரிங் சரியான இடத்தில் இருக்காது. சிலவற்றில் பைக்கு முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள், அங்கே 60 எட்டாது, 75 வேண்டும். சிலிண்டர் வால்வில் மாட்டும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் எச்.பி. (உயர் அழுத்தம்) என்று பொறித்த துளை எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதும் கணக்கு. கீழ்நோக்கி இருந்தால் ஹோஸ் நேராக இறங்கும். பக்கவாட்டில் இருந்தால் ஒரு வளைவு போட்டு ஐந்தாறு செ.மீ.யைத் தின்றுவிடும்.

இடுப்பில் இருந்தால் படிப்பதற்குக் கொக்கியைக் கழற்றி எடுக்க வேண்டுமே என்பார்கள். ஆமாம், கழற்ற வேண்டும். இரண்டு கையும் வேலையாக இருக்கிற நாளில், அதாவது அலை ஆட்டும்போது ஒரு கையில் பாறை, மறு கையில் டார்ச் என்றிருந்தால், நான் கேஜை இடுப்பில் விடுவதில்லை. ஹோஸைக் குறுக்கே வாங்கி இடது மார்பு டீ-ரிங்கில் முகம் மேலே பார்க்கும்படி மாட்டிவிடுவேன். மோவாயைத் தாழ்த்தினால் போதும். கண் மங்கத் தொடங்கிய நாற்பது வயதுக்காரர்களுக்கு மார்பு மிகவும் கிட்டம், எழுத்து தெரியாது. அவர்களுக்கு இடுப்பிலிருந்து எடுத்துக் கை நீட்டிப் பார்ப்பதே வசதி.

கொக்கியைக் கேஜோடு இரும்பு வளையம் போட்டு இணைக்காதீர்கள். நூலால் கட்டுங்கள். தண்ணீருக்கடியில் வலையில் சிக்கினால் கத்தியால் அறுத்துப் போக முடிய வேண்டும். விழிஞ்ஞம் துறைமுகத்து வலைக்கடையில் கிடைக்கும் நைலான் நூலை இரட்டையாக எடுத்து, கேஜ் கழுத்தில் நாலு சுற்று, கொக்கிக் கண்ணில் நாலு சுற்று, நடுவே குறுக்கே இறுக்கி முடிச்சுப் போட்டு நுனியைத் தீக்குச்சியால் உருக்கி அழுத்தினேன். உப்பும் வெயிலும் பட்டும் இரண்டு சீசன் தாங்குகிறது.

கேஜ் முகத்தில் அழுத்தம் பார் கணக்கிலா பி.எஸ்.ஐ. கணக்கிலா என்பதையும் வள்ளத்தில் ஏறுமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். வாடகை செட்டில் இரண்டும் கலந்து வரும். 200 பார் ஏறத்தாழ 2900 பி.எஸ்.ஐ.; மிச்சம் வைக்க வேண்டிய 50 பார் 725 பி.எஸ்.ஐ. சைகையில் எண் காட்டும்போது இது குழப்பும். வால்வைத் திறந்து, கேஜைப் பார்த்துக்கொண்டே நாலைந்து மூச்சு இழுங்கள். முள் ஒவ்வொரு மூச்சுக்கும் தாழ்ந்து எழுந்தால் வால்வு முழுக்கத் திறக்கவில்லை என்று பொருள். திறக்கும் நொடியில் மட்டும் கேஜ் கண்ணாடியை யார் முகத்துக்கும் நேரே பிடிக்கக் கூடாது.

கேஜ் கழுத்திலிருந்து சின்னக் குமிழ் வரிசையாக மேலேறினால் பதற வேண்டாம். கேஜும் ஹோஸும் சேருமிடத்தில் ஒரு குட்டிக் குழல் இருக்கும், இரண்டு முனையிலும் கடுகு பருமன் ஓ-ரிங் (கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்). கேஜைத் திருகித் திருகிப் படிப்பவர்களுக்கு அது சீக்கிரம் தேயும். குழலையே மாற்றிவிட்டால் முடிந்தது. எச்.பி. ஹோஸின் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் முனையில் ஊசித் துளைதான் இருக்கிறது. அதனால் அது வெடித்தாலும் காற்று மெதுவாகவே போகும், ஏறி வர நேரம் கிடைக்கும். எல்.பி. ஹோஸில், அதாவது மற்ற மூன்று தாழ் அழுத்த ஹோஸ்களில், சுமார் 10 பார்தான் என்றாலும் துளை அகலம். அது பிளந்தால் சிலிண்டர் ஓரிரு நிமிஷத்தில் காலி. ஆகவே பழையதை முதலில் மாற்றுவதானால் நான் எல்.பி. பக்கத்திலிருந்தே தொடங்குவேன்.

ரப்பரா, மேலே நூல் பின்னியதா? பின்னல் ஹோஸ் லேசாக வளையும், தாடைக்குச் சுகம். ஆனால் உள்ளே இருக்கும் பாலியூரிதேன் குழாயில் ஒரு வகை, வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் சிதைந்து படிகம் படிகமாக உள்ளே வளர்ந்து வழியை அடைக்கும். இதைப் பற்றி முங்குநர் பாதுகாப்புக்கான டான் (DAN) அமைப்பே எச்சரித்திருக்கிறது. நம் ஊரில் மழைக்காலம் முழுக்கச் செட் அலமாரியில் புழுங்கிக் கிடக்கும். ஒரு முறை சர்வீஸில், வெளியே புதிதுபோல் இருந்த என்னுடைய பின்னல் ஹோஸைக் குறுக்கே அறுத்துக் காட்டினார்கள்: உள்சுவரில் மஞ்சளாக உப்புப் பொருக்கு மாதிரி ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்டினால் துகளாக உதிர்ந்தது. அதன்பின் எல்லாமே ரப்பர். ரப்பர் வெடிப்பதை வெளியிலேயே பார்க்கலாம்: மாதம் ஒரு தடவை ஒவ்வொன்றையும் முனையருகே கட்டைவிரலால் வளைத்துப் பார்ப்பேன். ஹோஸ் கழுத்தை மூடும் ரப்பர் உறைகளையும் கழற்றிவிட்டேன்; அடியில் உப்பு தங்கி உலோகம் பச்சை பிடிப்பதை மறைப்பதுதான் அவை செய்த வேலை.

கம்பியில்லா டிரான்ஸ்மிட்டர் கூட்டாளியிடம் இருக்கிறது. மணிக்கட்டிலேயே அழுத்தம் தெரிவது சுகம்தான். வள்ளத்தில் சிலிண்டரை வாங்குகிற பையன்கள் அதைக் கைப்பிடி என்று நினைத்துப் பிடித்துத் தூக்குகிறார்கள். அதற்காக அவன் 15 செ.மீ. குட்டை எச்.பி. ஹோஸ் போட்டு அதை உள்ளே மடக்கிக் கட்டியிருக்கிறான். அதோடு பித்தளை கேஜையும் விடவில்லை. பேட்டரியை நம்பி மட்டும் நானும் இறங்க மாட்டேன்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு: ஹோஸ் வாங்குமுன் நைலான் கயிற்றை 56, 60, 75, 100 என்று வெட்டி, ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் அந்தந்தத் துளையருகே டேப்பால் ஒட்டி, சிலிண்டரோடு ஜாக்கெட்டை மாட்டி வீட்டு முற்றத்தில் நின்று பாருங்கள். தலையை இரு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள், குனியுங்கள், இடக்கையைத் தூக்குங்கள். கடைக்காரர் சொல்லும் நீளம் உலோக முனைகளையும் சேர்த்தா சேர்க்காமலா என்று கேளுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் கேஜ் ஹோஸைக் குறைப்பதில் தொடங்குங்கள். வாடகை ஜாக்கெட்டானாலும் இடுப்பு ரிங் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டால் சொந்த ரெகுலேட்டரோடு அது ஒத்துப்போகும். எல்போ அடுத்த சீசனுக்கு இருக்கட்டும்; அதற்குள்ளும் ஓ-ரிங் உண்டு, சர்வீஸுக்குக் கொடுக்கும்போது அதையும் கழற்றிப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.