ஏறிய எடை தசையா, கொழுப்பா?

எச்.ஐ.வி. உள்ளவர் மெலிய ஆரம்பித்தால் வீட்டில் முதலில் கேட்பது, "பசி எடுக்க ஏதாவது மாத்திரை இருக்கா?" என்றுதான். உகாண்டாவில் 1980களில் மக்கள் இந்த நோயையே 'ஸ்லிம்' என்று அழைத்தார்கள். மெலிவு அவ்வளவு பயமுறுத்தியது. சரி, எடை கூட்டும் மருந்துகளை எப்படித் தரம் பிரிப்பது? எத்தனை கிலோ ஏறியது என்பதைவிட, ஏறியது தசையா கொழுப்பா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

பிரெட்னிசோலோன், டெக்சாமெதாசோன் போன்ற ஸ்டீராய்டுகள் மலிவு. பசி சட்டென்று வரும், கன்னம் உப்பும், பார்க்கிறவர்கள் "தேறிட்டாரே" என்பார்கள். உள்ளே தசை கரைந்துகொண்டிருக்கும். ஏறுவது கொழுப்பும் நீரும்தான். சர்க்கரை கூடும், எலும்பு தேயும், பதுங்கியிருந்த காசநோய் கிளம்பலாம், கபோசி சார்கோமா என்ற புற்றுநோய் இருந்தால் முற்றலாம். எச்.ஐ.வி. சிகிச்சையில் சேரும் ரிடோனாவிர், கோபிசிஸ்டாட் மருந்துகளை எடுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: ஸ்டீராய்டு உடலை விட்டு வெளியேறாமல் தேங்கும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் ஃபுளூட்டிகசோன்கூட இவர்களுக்குக் குஷிங் பாதிப்பை, அதாவது உடலில் ஸ்டீராய்டு மிகுந்து வரும் கோளாறைக் கொண்டுவரலாம். எடைக்காக மட்டும் ஸ்டீராய்டு என்றால், வேண்டவே வேண்டாம்.

வேறு காரணங்களுக்கு இதே மருந்து உயிர் காக்கும். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு வரும் நியூமோசிஸ்டிஸ் நிமோனியாவில் ஆக்சிஜன் குறைந்தால் 21 நாள் தருவார்கள். உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி செயலிழந்து, அதனாலேயே ஒருவர் மெலிந்தால் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டுதான் சரியான மருந்து. அங்கே அது இல்லாததை ஈடு செய்கிறது.

மெகஸ்ட்ரால் என்ற ஹார்மோன் மருந்து 1993இல் அமெரிக்காவில் எச்.ஐ.வி. மெலிவுக்கென்றே அனுமதி பெற்றது. பசியைத் தூண்டும், எடையும் நன்றாக ஏறும். ஆனால் அதிலும் பெரும்பகுதி கொழுப்பு. ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறையும், ரத்தம் உறையும் அபாயமும் உண்டு. ஸ்டீராய்டு போலவே அட்ரினலையும் அடக்கும். கஞ்சாச் செடியின் வேதிப்பொருளான ட்ரோனபினால் பசிக்கு உதவும், எடைக்கு அவ்வளவாக இல்லை. தலைசுற்றல் வரும்.

தசையைக் கூட்டுவதில் முன்னே நிற்பது வளர்ச்சி ஹார்மோன் ஊசி. 1996இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தினமும் போட வேண்டும், மூட்டு வலிக்கும், சர்க்கரை ஏறும். விலையோ சாதாரணக் குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாதது. டெஸ்டோஸ்டிரோன் குறைந்துபோன ஆண்களுக்கு அந்த ஹார்மோனும் எடை தூக்கும் பயிற்சியும் சேர்ந்தால் தசை கூடும். கட்டுப்படியாகிற வழியும் இதுதான்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டியது எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சையான ஏ.ஆர்.டி. இந்தியாவில் 2004 ஏப்ரல் 1 முதல் இலவசம். தொடங்கிய முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. மாத்திரையை விடாமல் எடுத்தும் எடை இறங்கினால் காரணத்தைத் தேடுங்கள். காசநோய்க்குச் சளிப் பரிசோதனையும், ரத்தத்தில் வைரஸ் அளவும் பார்க்கச் சொல்லுங்கள். நீடித்த வயிற்றுப்போக்கு, விழுங்க விடாத வாய்ப்புண், அப்புறம் மனச்சோர்வு, எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஏற்கெனவே சில வாரங்களாக ஸ்டீராய்டு எடுப்பவர் இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து ஆபத்தாகும். படிப்படியாக எப்படிக் குறைப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.