பிளஸ் டூ முடித்ததும் நெட்வொர்க்கிங் கோர்ஸ் சேரப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ரிசல்ட் வந்த கையோடு கோயம்புத்தூர் காந்திபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும், நோட்டீஸைக் கையில் திணித்துவிடுவார்கள். 'பிளஸ் டூ போதும், ஆறு மாதத்தில் நெட்வொர்க் இன்ஜினியர், நூறு சதவீத வேலை.' அப்படி ஓர் இடத்தில் 85 ஆயிரம் கட்டிப் படித்தவன் நான். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. போட்டாலும் பெரிய பயன் இல்லை, இதே வித்தையைக் காட்டுகிறவர்கள் சென்னை வேளச்சேரி வரைக்கும் இருக்கிறார்கள்.

அவர்கள் விற்றது, நெட்வொர்க் கருவிகள் செய்கிற சிஸ்கோ கம்பெனியின் சான்றிதழ்களான சிசிஎன்ஏ (தொடக்க நிலை), சிசிஎன்பி (அடுத்த நிலை), சிசிஐஇ (உச்ச நிலை) மூன்றும் சேர்ந்த 'பேக்கேஜ்'. இந்தத் துறையில் இருப்பவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். சிசிஐஇ என்றால் எட்டு மணி நேரம் உட்கார்ந்து செய்கிற லேப் தேர்வு, ஐந்து முதல் ஏழு வருட அனுபவம் இருப்பவர்களுக்கானது என்று சிஸ்கோவே சொல்கிறது. அதை ஆறு மாதத்தில் பதினேழு வயதுப் பையனுக்கு முடித்துத் தருகிறார்களாம்!

பணம் வாங்கிய விதத்தைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். எனக்கு 18 ஆகவில்லை, என் பெயரில் எந்த ஒப்பந்தமும் போட முடியாது, அதனால் அப்பாவை வரச் சொன்னார்கள். அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கவுன்சலிங் மேஜையில் இருந்த பெண்ணிடம், "ஏங்கண்ணு, படிச்சு முடிச்சா வேலை நிச்சயமா கிடைச்சிருமா?" என்று அவர் கேட்டது ஒரே கேள்விதான். "நூத்துக்கு நூறு அங்கிள், நீங்க மொத்தமாக்கூடக் கட்ட வேண்டாம், மாசாமாசம் இன்ஸ்டால்மென்ட் கட்டுனாப் போதும்" என்றார். பேச்சோடு பேச்சாக ஆதார், பான் கார்டைப் போட்டோ எடுத்து, அப்பாவின் போனுக்கு வந்த ஓடிபியையும் கேட்டு வாங்கிவிட்டார். அது தவணை இல்லை, ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியிடம் அப்பா பெயரில் எடுத்த கடன். முழுப் பணமும் உடனே சென்டருக்குப் போய்விட்டது, மாதத் தவணை மட்டும் அப்பா கணக்கிலிருந்து போகும். வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் போகும், நிறுத்தினால் சிபில் ஸ்கோர் விழும். வகுப்பு சரியில்லை என்று நான் போய் நின்றபோது சென்டரில் "அது உங்களுக்கும் ஃபைனான்ஸ்காரங்களுக்கும் உள்ள விஷயம் தம்பி" என்றார்கள். ஃபைனான்ஸ்காரரோ "படிப்பைப் பத்தி சென்டர்ல கேளுங்க சார்" என்றார்.

வகுப்பு எப்படி இருந்தது? கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு ரேக், அதில் 1841 ரூட்டர் மூன்று, 2960 ஸ்விட்ச் ஒன்று, எல்லாம் பழைய சரக்கு. கன்சோல் கேபிள் நீல நிறத்தில் சுருட்டித் தொங்கும், ஆனால் அதை லேப்டாப்பில் சொருக யூஎஸ்பி கன்வெர்ட்டர் கிடையாது. சேர்க்கைக்கு யாராவது பெற்றோர் வந்தால் மட்டும் ரேக்கை ஆன் பண்ணுவார்கள், பச்சை விளக்கு மினுக்கும். நாங்கள் பழகியதெல்லாம் பேக்கெட் டிரேசரில், அதாவது கம்ப்யூட்டருக்குள்ளேயே ரூட்டர், ஸ்விட்ச் வைத்துப் பழகும் மென்பொருளில். அது சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்கு தொடங்கினால் யாருக்கும் இலவசமாகக் கிடைப்பது. விஎல்ஏஎன் (ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிப்பது) வரைக்கும் வந்த சார் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார், அடுத்து வந்தவர் மறுபடி ஐபி அட்ரஸிலிருந்து ஆரம்பித்தார். ஓஎஸ்பிஎஃப் (ரூட்டர்கள் தங்களுக்குள் வழி கண்டுபிடிக்கும் முறை) பக்கம் போகவே இல்லை. சப்நெட்டிங் (ஒரு நெட்வொர்க்கைச் சின்னதாகப் பிரிக்கும் கணக்கு) கேட்டால் ஒரு பிடிஎஃப் கொடுத்து, "கேள்வியெல்லாம் இதுலேர்ந்துதான் வரும், மனப்பாடம் பண்ணுங்க" என்றார்கள். அது டம்ப், அதாவது கசிந்த தேர்வுக் கேள்விகளின் தொகுப்பு. அப்படி எழுதினது தெரிந்தால் சிஸ்கோ சான்றிதழை ரத்து செய்துவிடும், தடையும் போடும்.

அப்புறம் தேர்வு. 85 ஆயிரத்தில் தேர்வுக் கட்டணம் அடக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம், வாயால் சொன்னதும் அதுதான். கடைசியில் 'தேர்வு தனி' என்றார்கள். சிசிஎன்ஏ (200-301) கட்டணம் 300 டாலர், வரி வேறு, நம் காசுக்கு 25 ஆயிரத்துக்கு மேல் வரும். பியர்சன் வியூ என்ற நிறுவனத்தின் தேர்வு மையத்தில் எழுத வேண்டும், சான்றிதழ் மூன்று வருடம் செல்லும், 18 ஆகாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் தேவை. எனக்குக் கொடுத்தது அவர்களே அச்சடித்த, ஹாலோகிராம் ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு சான்றிதழ். அம்பத்தூரில் நேர்காணலுக்குப் போன இடத்தில் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. வெள்ளைத்தாளில் 192.168.10.75/26 என்று எழுதி, "இது எந்த நெட்வொர்க், பிராட்காஸ்ட் என்ன?" என்றார் நேர்காணல் எடுத்தவர். கடைசி எண் 64, 127 என்று இன்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், அன்று பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

'நூறு சதவீத வேலை' என்ன ஆனது என்றால், ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது நேர்காணலுக்கு உதவி மட்டுமே. அந்த உதவியும் பிராட்பேண்ட் விற்கிற வேலைக்கு அனுப்பியதுதான். அதைவிட மோசம், "இன்னும் 30 ஆயிரம் கட்டுங்க, ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் ரெடி பண்ணித் தர்றோம்" என்றது. அன்றைக்கு வயது 18, இரண்டு வருட அனுபவம் என்றால் பதினாறு வயதிலேயே டேட்டா சென்டரில் இருந்திருக்க வேண்டும்! என் கூடப் படித்த ஒருவன் வாங்கினான். சேர்ந்த கம்பெனி பின்னணிச் சரிபார்ப்பில் யுஏஎன் எண்ணை (பிஎஃப் கணக்கு அடையாள எண்) வைத்து பிஎஃப் விவரம் கேட்டது, அதில் ஒன்றுமே இல்லை. அன்றே வெளியே அனுப்பிவிட்டார்கள். லெட்டர் கொடுத்தவர்கள் போனை எடுக்கவில்லை.

நான் வேலை கற்றது ஒரு சிசிடிவி கடை அண்ணனிடம். கிரிம்பிங் (கேபிள் முனையில் கனெக்டர் பொருத்துவது), வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம் என்று கம்பி வரிசை, ஸ்விட்ச் ரேக்கில் எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று லேபிள் ஒட்டுவது, எல்லாம் அங்கேதான். இரவில் பேக்கெட் டிரேசர். இப்போது ஒரு என்ஓசியில் (நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மையம்) இரவு ஷிப்ட் பார்க்கிறேன், சிசிஎன்ஏ சொந்தக் காசில் எழுதினேன். சின்ன வயதில் இந்தத் துறைக்கு வருவதில் தப்பே இல்லை.

எந்த சென்டருக்குப் போனாலும் முதலில், தேர்வுக் கட்டணத்துக்கான வவுச்சரும் கோர்ஸ் கட்டணத்தில் சேர்ந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். முன்பு படித்து முடித்தவர்களின் சிசிஎன்ஏ பேட்ஜை கிரெட்லியில் (டிஜிட்டல் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் தளம்) காட்டச் சொல்லுங்கள், உண்மையானது என்றால் லிங்க் இருக்கும். ஒரிஜினல் மார்க் ஷீட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். தவணை என்று சொன்னால் கடன் கொடுப்பது யார் என்று கேளுங்கள், ஓடிபியைச் சொல்லாதீர்கள். ஆப் வழியாகக் கடன் எடுத்தாகிவிட்டது என்றால் ஆர்பிஐ விதிப்படி தொடக்கத்தில் ஒரு குறுகிய அவகாசம் உண்டு, அதற்குள் அசலையும் அந்த நாட்களின் வட்டியையும் கட்டி அபராதம் இல்லாமல் வெளியேறலாம்.

ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் 1915-க்கு அழையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். நோட்டீஸ், வாட்ஸ்அப் பேச்சு, ரசீது மூன்றையும் பத்திரமாக வையுங்கள். வேலை நிச்சயம் என்று பொய் விளம்பரம் செய்யக் கூடாது என்று பயிற்சி மையங்களுக்கு 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் போட்டிருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலே வாதாடலாம். நானும் அங்கேதான் போட்டிருக்கிறேன். எதிர்த்தரப்பு இன்னும் பதில் மனு தாக்கல் செய்யவில்லை, தீர்ப்பு எப்படி வந்தாலும் இங்கேயே எழுதுகிறேன்.