ரிலே பின்பாலா, சிப் பின்பாலா?

வீட்டுக் கீழ்த்தளத்தில் வைக்கப் பழைய பின்பால் மெஷின் (சாய்ந்த பலகையில் பந்தை அடித்துப் புள்ளி சேர்க்கும் ஆட்டம்) ஒன்று தேடியபோது இரண்டு கிடைத்தன: 1976இல் செய்த ரிலே மெஷின் (ரிலே என்றால் மின்காந்தம் இழுத்து இயக்கும் ஸ்விட்ச்), சில ஆண்டு பின்னால் வந்த சிப் மெஷின். நான் இருப்பது சிகாகோ. காட்லீப், பாலி, வில்லியம்ஸ் எல்லாம் இந்த ஊரில் பின்பால் செய்த கம்பெனிகள் என்பதால் இங்கே இரண்டு வகையும் கண்ணில் படும். ரிலேயை எடுத்துக்கொண்டேன்.

ஆட்டத்தில் சிப்புக்கே வலு அதிகம். பாலியின் எய்ட் பால் (1977) ஒவ்வொருவரும் எதையெல்லாம் அடித்தார்கள் என்பதை அவரவர் அடுத்த முறை வரை நினைவில் வைத்திருக்கும். ரிலேயில் அதற்குப் பெட்டி கொள்ளாது.

என்னைச் சாய்த்தது பராமரிப்பு. ரிலே மெஷினில் 50 புள்ளி இலக்கில் பந்து பட்டதும் ஒரு ரிலே இழுபட்டு, தன் கான்டாக்ட் (தொடுமுனை) வழியாகவே தன்னைப் பிடித்துக்கொள்ளும். ஸ்கோர் மோட்டார் சுழலும். அதன் கேம்கள் (மேடுபள்ளமுள்ள சுழல்தட்டுகள்) ஐந்து முறை ஸ்விட்சை மூடித் திறக்க, பத்தாமிட ரீல் (எண் காட்டும் சக்கரம்) ஐந்து படி நகரும், மணி ஐந்து முறை அடிக்கும். சுற்று முடிகையில் இன்னொரு ஸ்விட்ச் திறந்து ரிலேயை விடுவிக்கும். கணக்குப் போடுவது இவ்வளவுதான், அத்தனையும் கண்ணுக்குத் தெரியும்!

ஒருநாள் யாரும் தொடாமலே ஸ்கோர் ஏறிக்கொண்டே போனது. மூடியைத் திறந்தேன், ஒரு ரிலே மட்டும் விடாமல் இழுபட்டிருந்தது. விடுவிக்க வேண்டிய ஸ்விட்சின் தகடுகள் நெருங்கிப்போய்த் திறக்கவே இல்லை. தகட்டைக் கொஞ்சம் வளைத்தேன், நின்றுவிட்டது. செலவு ஒரு பைசா இல்லை.

சிப் மெஷினில் இப்படிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் காலத்து பாலி போர்டுகளில் நிக்கல் காட்மியம் பேட்டரியைப் பற்றவைத்திருப்பார்கள். வயதானால் அது கசிந்து செம்புத் தடங்களை அரித்துவிடும். ஆனால் சொந்தமாக நான் சிப் மெஷின் வைத்திருந்ததில்லை, நண்பர் வீட்டில் சில வார இறுதிகள் கை வைத்ததோடு சரி. புதுப் போர்டு மாற்றியபின் அவருக்குத் தொல்லையே இல்லை.

ரிலேயைச் சும்மா போட்டுவைத்தால் கான்டாக்ட் கறுக்கும், ஸ்டெப்பரில் (படிப்படியாக நகரும் ஸ்விட்ச்) பழைய கிரீஸ் இறுகும். அதனால் வாங்கப் போகும்போது ரீலை 90இல் நிறுத்தி ஒரு பத்து அடித்துப் பாருங்கள். நூறாமிட ரீல் தயங்காமல் நகர வேண்டும்.